தமிழ் உடையாத ஈமேக்ஸ்: சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும் முறை

ஈமேக்ஸ் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். உபுண்டு 24.04 தருவது அதன் 29.3 பதிப்பு. அதைவிடப் புதிய 30.1 வேண்டுமென்றால், சோர்ஸை, அதாவது மூல நிரலை, எடுத்து நாமே கம்பைல் செய்து ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றிக்கொள்ளலாம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே போதும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ஈமேக்ஸை வெளியிடும் குனு தளத்தில் கிடைக்கும் டார் கோப்பை (சோர்ஸ் மொத்தத்தையும் சுருக்கிக் கட்டியது) எடுங்கள், ஏறக்குறைய 50 எம்பி. கிட் குளோன் செய்து, பழைய மாற்றங்களின் வரலாற்றோடு சோர்ஸை இறக்கினால் பல மடங்கு டேட்டா போகும். டார் கோப்பிலோ லிஸ்ப் மொழியில் எழுதிய கோப்புகள் ஏற்கெனவே பைட்-கம்பைல் ஆகி வருவதால் நேரமும் மிச்சம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவருக்குள் மொபைல் சிக்னல் திணறும். ஹாட்ஸ்பாட்டில் இறக்குவதானால் ஃபோனை முகப்பிலோ வளவிலோ வையுங்கள். கோப்பை விரிக்கும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளி வேண்டாம்.

அடுத்து, தேவையான லைப்ரரிகள். ஈடிசி ஆப்ட் ஃபோல்டருக்குள் சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி என்பதைத் திறந்து, உபுண்டு டாட் சோர்சஸ் கோப்பில் ‘டைப்ஸ்’ வரியில் ‘டெப்’ என்பதற்குப் பக்கத்தில் ‘டெப்-எஸ்ஆர்சி’ சேருங்கள். இதை விட்டால் அடுத்த படி பிழை காட்டி நிற்கும். பிறகு சூடோ ஆப்ட் அப்டேட், அதன்பின் சூடோ ஆப்ட் பில்ட்-டெப் ஈமேக்ஸ்.

இனி கான்ஃபிகர்: எந்த லைப்ரரிகள் இருக்கின்றன என்று பார்த்து, கம்பைலுக்குத் தயார்செய்யும் படி. ப்ரிஃபிக்ஸாக (இன்ஸ்டால் ஆக வேண்டிய இடம்) ஹோமுக்குள் இருக்கும் டாட் லோக்கல் ஃபோல்டரைக் கொடுங்கள். கல்லூரி லேப் கணினியிலும் ரூட் அனுமதி இல்லாமல் இன்ஸ்டால் செய்ய அதுதான் வழி. (லைப்ரரிகளை மட்டும் லேப் பொறுப்பாளர் போட்டுத்தர வேண்டும்.) வேலாண்ட், எக்ஸ்11 இரண்டும் திரையில் விண்டோக்களைக் காட்டும் அமைப்புகள். வேலாண்டில் ஓடுகிறவர்கள் வித்-பிஜிடிகே சேர்க்கலாம், எக்ஸ்11-இல் அது வேண்டாம்.

கான்ஃபிகர் முடிந்ததும் நீளமான பட்டியல் ஒன்று ஓடும். தயவுசெய்து அதைப் படியுங்கள். ஹார்ஃப்பஸ், கெய்ரோ இரண்டுக்கும் ‘யெஸ்’ இருக்க வேண்டும். தமிழ் உயிர்மெய்யை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ், திரையில் வரைவது கெய்ரோ. பாதுகாப்பான இணைய இணைப்புக்கான குனுடிஎல்எஸ் இல்லையென்றால் கான்ஃபிகர் சத்தம் போட்டு நின்றுவிடும். ஹார்ஃப்பஸ் இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் ‘நோ’ போட்டுவிட்டுக் கடந்துவிடும். எல்லாம் முடிந்து திறந்த பிறகுதான் எழுத்து சிதறிக் கிடப்பது தெரியும். லிஸ்ப் நிரலை வேகமாக ஓடவைக்கும் நேட்டிவ் கம்பைலரும் இப்படித்தான்: அதற்கு வேண்டிய லிப்ஜிசிசிஜிட் லைப்ரரி கிடைக்காவிட்டால் சொல்லாமலே விட்டுவிடும். ‘நோ’ கண்டால் அந்த லைப்ரரியின் டெவ் பேக்கேஜைப் போட்டுவிட்டு மறுபடி கான்ஃபிகர்.

அடுத்து, கம்பைல் செய்யும் கட்டளையான மேக். ஹைஃபன் ஜே-யோடு வரும் எண், ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பது. 4 ஜிபி ரேமில் மேக் ஹைஃபன் ஜே2-க்கு மேல் போகாதீர்கள். ‘கில்டு’ என்று வந்து நின்றால் ரேம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பிரௌசரை மூடிவிட்டு மேக் மட்டும் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். சித்திரை வெயிலில் லேப்டாப்பை மெத்தையில் வைத்துக் கம்பைல் செய்தால் சூடேறி வேகம் குறையும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நல்ல இடம்.

நடுவில் கரண்ட் போனால் கவனம். பாதியில் நின்ற கோப்பு காலியாகவே கிடக்கும். தேதி புதிதாக இருப்பதால் அது முடிந்த கோப்பு என்று மேக் எடுத்துக்கொள்ளும், பிறகு கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் பிழை வரும். மேக் கிளீன் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ‘கிளாக் ஸ்க்யூ’ என்று எச்சரித்தால் கணினியின் கடிகாரம் தவறு. பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள ஈமேக்ஸை ஹைஃபன், பெரிய எழுத்து க்யூ சேர்த்துத் திறந்து பாருங்கள். டெர்மினலுக்குள் திறக்காமல் தனி விண்டோவில் திறக்க வேண்டும். டெர்மினலில் எழுத்தை வரைவது டெர்மினலின் வேலை. கண்ட்ரோல்-எச், பிறகு எச் அடித்தால் பல மொழி வணக்கங்கள் வரும், தமிழும் அதில் உண்டு. அடுத்து கண்ட்ரோல்-பின்சாய்கோடு அடித்து, தமிழ்-ஐட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் தேர்ந்து, கொத்தமங்கலம், கோனாபட்டு, தேவகோட்டை என்று அடியுங்கள். ‘கொ’வில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும், ‘டை’யில் இணைக்கொம்பு முன்னால் வர வேண்டும். புள்ளி வட்டம் தெரிந்தால் எழுத்தின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடியுங்கள். ஃபான்ட் பெயருக்கு முன் எஃப்டிசிஆர்எச்பி என்று இருந்தால் ஹார்ஃப்பஸ் வேலை செய்கிறது, கோளாறு ஃபான்டில். ஃபான்ட்ஸ்-லோஹிட்-டிஏஎம்எல் பேக்கேஜைப் போடுங்கள்.

சரியாக இருந்தால் மேக் இன்ஸ்டால். டாட் லோக்கலுக்குள் பின் ஃபோல்டர் இப்போதுதான் உருவாகியிருந்தால், ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால்தான் கட்டளை கிடைக்கும். சோர்ஸ் ஃபோல்டரை அழிக்காதீர்கள்; பின்னால் நீக்க மேக் அன்இன்ஸ்டாலை அங்கிருந்துதான் கொடுக்க வேண்டும்.