கடைசி மணி அடித்த பிறகும் நிற்கும் பிள்ளை: தொடக்கப் பள்ளியில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். இவள் மட்டும் மூலையில் இருக்கும் விளக்குமாற்றை எடுத்து வகுப்பறையைக் கூட்டுவாள். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டுவாள். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை பாருங்க" என்று பெரிய டீச்சரிடம் நானே பெருமையாகச் சொன்னேன். காலைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கைதட்டவும் சொன்னேன்.

அது குறுவை நடவு நேரம். அவள் அம்மா விடிவதற்குள் வயலுக்குக் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார். அப்பா திருப்பூரில். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அங்கே ஒருவர் அவளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டிருந்தார். அது வெளியே வர மூன்று வாரம் ஆனது. (பிள்ளையை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த மூன்று வாரத்திலும் அதற்குப் பிறகும் நான் செய்த தவறுகளை வேறு பள்ளிகளிலும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏதாவது நடந்தால் பிள்ளை வந்து சொல்லும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதற்கான வார்த்தை இல்லை. அது வேறு விதமாகத்தான் சொல்லும். திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி வரும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று யாரையும் பக்கத்தில் உட்கார விடமாட்டான். கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே கழுவ எடுத்துப் போகும். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடவும் கூடாது, காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளையும் சாப்பிடாது. ஆனால் போன மாதம் எப்படி இருந்தது, இந்த மாதம் எப்படி இருக்கிறது என்ற வித்தியாசம் தினமும் பார்க்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். அதைத் தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டும். என் மாணவி ஒரு நாள், "டீச்சர், நானும் உங்ககூட பஸ்ல வரட்டுமா?" என்று கேட்டாள். "அம்மா தேடுவாங்கல்ல" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் கேட்கவில்லை.

அடுத்தது சத்தியம். "டீச்சர், ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று ஒரு மதியம் வந்தாள். அவள் பேச வேண்டுமே என்ற தவிப்பில் நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். காப்பாற்ற முடியாத சத்தியம் அது. ஒரு பெரியவர் நம்பிக்கையைக் கெடுத்ததால் ஒடிந்து நிற்கும் பிள்ளைக்கு, இரண்டாவதாக நம்பிக்கை கெடுத்தவள் நான். இப்போது யாராவது பிள்ளை அப்படிக் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: "உன்னைப் பத்திரமா பாத்துக்கணும்னா ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் என்னிடம் பேசாமல் போனதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாமே விசாரணை நடத்துவது. அவள் இரண்டு வாக்கியம் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் முன்னாடியே சொல்லல?" குற்றம் அவள் மேல்தான் என்று ஆகிவிடுகிறது அல்லவா? பிறகு பெரிய டீச்சரிடம் அழைத்துப் போனேன், அங்கே மறுபடி சொல்ல வைத்தோம். சத்துணவுக் கூடத்து ஆயா வந்தார், அவர் முன்னால் இன்னொரு முறை. யார், எப்போது, எத்தனை தடவை, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஆளுக்கொரு கேள்வி. மூன்றாவது முறை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், சும்மாதான் சொன்னேன்" என்றாள். உடனே ஒருவர், "பாத்தீங்களா, பிள்ளைங்க கதை கட்டும்" என்றார். அவள் கதை கட்டவில்லை. பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

நம் வேலை கேட்பதும், கேட்டதை உரிய இடத்தில் சொல்வதும் மட்டும்தான். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளை பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் நிற்காதீர்கள். "அப்புறம்?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "அந்த ஆள் உன்னை இங்கே தொட்டானா?" என்று நாமே பதிலை வாயில் வைத்துவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அதுவே அந்தப் பிள்ளைக்கு எதிராகப் போகலாம். "நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல" என்று சொல்லுங்கள். அது போதும்.

பிறகு ஒரு நோட்டில், அன்றைக்கே எழுதுங்கள். "புதன், மதியம் 1.20. சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னாள்: 'அந்த மாமா இருந்தா நான் வீட்டுக்குப் போகமாட்டேன். கதவச் சாத்துறாங்க.'" இப்படி அவள் வார்த்தையில், அவள் சொன்ன அளவு மட்டும். "பாலியல் சீண்டல் நடந்ததாகத் தெரிகிறது" என்று நம் பாஷைக்கு மாற்ற வேண்டாம்.

அடுத்தது பஞ்சாயத்து. நம் ஊர்ப்பக்கம் இது நிச்சயம் வரும். "சொந்தக்காரப் பய டீச்சர், பேசி முடிச்சுக்கலாம்." "பொட்டப்புள்ள வாழ்க்கை டீச்சர்." "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும், அடுத்த வருஷம் சேர்க்கையே இருக்காது." சம்பந்தப்பட்டவர் நிலபுலன் உள்ள வீட்டு ஆளாகவும், பிள்ளையின் அம்மா அவர் வயலிலேயே நடவு நடுபவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், விஷயம் வழக்காகவே ஆகாது.

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவே பாதுகாப்பும் தருகிறது. பேசி முடித்தாலும் வழக்கு முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, பிள்ளையின் குடும்பம் சமாதானமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே தள்ளி, வழக்கை நடத்தச் சொன்னது.

"பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பாங்களே" என்று அம்மாக்கள் பயப்படுவது நியாயமான பயம். அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்: பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை பெண் காவல் அதிகாரி, உதவி ஆய்வாளருக்குக் குறையாதவர், சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையென்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் சட்டத்தில் எழுதியிருப்பது. எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள், போக்சோ சட்டம் ஆண் பெண் பார்ப்பதில்லை. பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுதத் தெரியாது. பிள்ளையின் போட்டோவை, குடும்ப விவரத்தை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இந்தப் பிள்ளை பாவம்" என்று போடாதீர்கள். அடிக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், கையில் பிரம்பு வைத்திருப்பவரிடம் எந்தப் பிள்ளை ரகசியம் சொல்லும்?

தொடுதல் பற்றி வருஷத்துக்கு ஒரு நாள் வகுப்பெடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் "பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாம கேக்கணும்" என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். எதை நம்பும் அந்தப் பிள்ளை? வேண்டாம் என்று சொல்லிப் பழக வகுப்பறையிலேயே இடம் வேண்டும். மருந்து வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் நாம் கேட்க முடியாது, சரி. கன்னத்தைக் கிள்ளாதீங்க என்றால் கேட்கலாம் அல்லவா?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைத் தீயில் இழந்த மண் இது. அதற்குப் பிறகு கீற்றுக் கூரை, மாடிப்படி, தீயணைப்பான் என்று பள்ளிகளில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகத் தயங்குகிறது என்று கேட்கும் படிவத்தை மட்டும் நான் நிரப்பியதில்லை. எங்கள் பள்ளியில் இப்போது நாங்களே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், நடவும் அறுப்பும் முடியும் வரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாலையில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவிடுவோம். வாய்க்காலில் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில் ஆரம்பித்த நோட்டு அது. அதற்கு மேலும் உதவுகிறது. காலை உணவும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிவாக்கியபோது பசிக்கான திட்டம் என்றுதான் நினைத்தேன். பரிமாறும் அந்த இருபது நிமிடத்தில்தான் பிள்ளைகளின் முகத்தை இப்போது ஒழுங்காகப் பார்க்கிறேன்.

புகார் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பள்ளி அதிகம் தேவை. டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். தலையைத் தடவித் தடவிப் பரிதாபப்படாதீர்கள், மற்ற பிள்ளைகளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் எல்லோரையும் போல அவளையும் கேளுங்கள். அவள் போய் உட்கார ஓர் இடம், போய்ப் பேச ஒரு டீச்சர், அது தினமும் அதே டீச்சர்.

என் மாணவி அம்மாயி வீட்டுக்குப் போய் அங்கிருந்து அதே பள்ளிக்கு நடந்து வந்தாள். பல மாதம் கூட்டுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை, கூடவே நின்று பெஞ்சை நகர்த்திக் கொடுத்தேன். பொங்கல் விடுமுறை கழித்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடித்ததும் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு ஓடினாள். அன்றைக்கு வகுப்பறையை நான்தான் கூட்டினேன்.