மின்நூல் வாசிப்பான் வாங்கும் தமிழ் வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில், ஆறு அங்குல மின்நூல் வாசிப்பான் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அவர் பல ஆண்டுகளாகக் கணினியில் சேர்த்து வைத்திருந்த பிடிஎஃப் நூல்களை அதில் ஏற்றிக் கையில் கொடுத்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எழுத்துகள் எறும்பு வரிசைபோல் இருந்தன. விரலால் பெரிதாக்கினால் வரியில் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி இரண்டு பக்கம் படித்தார். பிறகு கருவியை மேசைமேல் வைத்துவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினார்.

கருவியில் குறை ஏதும் இல்லை. திரை, மின்கலம், விலை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த நான், அப்பா எந்தக் கோப்பைத் திறக்கப் போகிறார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தமிழ் வாசகர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து, திரையில் 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். அந்த அளவில் தமிழ் படிப்பது பெரும்பாடு. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள சுழி வேறுபாடு மங்கிவிடும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்பதே ஐயமாகிவிடும். பிடிஎஃப் கோப்பில் பக்கம் அச்சிட்டபடியே உறைந்து கிடக்கிறது. இ-பப் கோப்பிலோ எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமே மடங்கிக்கொள்ளும்.

ஆகவே, உங்கள் சேமிப்பில் பெரும்பகுதி வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்கள் என்றால் ஆறு அங்குலக் கருவி வேண்டாம். பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் அதே பக்கம் முக்கால் பங்கு அளவில் தெரியும், அது படிக்கக்கூடியது. விலை கூடுதல்தான். அதற்குப் பணம் இல்லையென்றால், சின்னத் திரைக்கு ஏற்ற வடிவில் நூல்களைத் தேடலாம். ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தன்னார்வலர்கள் தங்கள் நூல்களை இ-பப்பிலும் ஏ4 பிடிஎஃப்பிலும் வெளியிட்டதோடு, ஆறு அங்குல அளவிலான தனி பிடிஎஃப்பையும் தயாரித்து வைத்தார்கள். தமிழ் வாசகரின் கையில் இருக்கும் கருவி எப்படிப்பட்டது என்பதை உணர்ந்தவர்கள் செய்த வேலை அது, நன்றியோடுதான் நினைக்கிறேன். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க இலக்கிய நூல்களும் தட்டச்சு செய்யப்பட்ட உரையாகவே கிடைக்கின்றன.

பிடிஎஃப்பை இ-பப்பாக மாற்றிவிடலாம் என்று நம்பி நாள்களை வீணாக்குபவர்களும் உண்டு. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்: கணினியில் அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். படிக்கும்படியான தமிழ் வந்தால் மாற்றிப் பார்க்கலாம். பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும் வந்தால், அது பாமினி, திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் செய்த கோப்பு. அதை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மேலே போக முடியும். எதுவுமே நகலாகவில்லை என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலிருந்து தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும். பிழை திருத்தும் பொறுமை மட்டும் வேண்டும்.

அடுத்தது எழுத்து காட்டும் முறை. ‘கொ’ என்ற எழுத்தைக் கருவி ‘க’ என்ற எழுத்து, ஒகரக் குறி என்ற இரண்டு குறியீடுகளாகவே சேமித்து வைத்திருக்கிறது. கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். அமேசானின் கருவியான கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 இறுதியில் முறையாக வந்துவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மற்ற கருவிகளில், அதிலும் விலை மலிந்தவற்றில், வாங்கும் முன் பார்க்க வேண்டும். ‘கொடுத்தோம்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’, ‘பக்ஷி’ என்ற நான்கு சொற்களை ஒரு கோப்பில் அடித்துத் திறந்து பார்த்தால் போதும். நூலின் உள்ளே சரியாகத் தெரிந்தாலும், நூல் பட்டியலில் தலைப்புகள் வெறும் கட்டங்களாகத் தெரிவது உண்டு. ஐம்பது நூல்களும் ஐம்பது கட்ட வரிசைகளாக நின்றால் எதைத் திறப்பது?

எழுத்துருவையும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிண்டிலிலும் அதன் போட்டிக் கருவியான கோபோவிலும் எழுத்துருக் கோப்பை அதற்கான கோப்புறையில் இட்டால் அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொன்று: இரு பக்கமும் சமமாக வரிகளை நிறுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல் சின்னத் திரையில் முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொற்கள் ஊருக்கு ஒன்றாக விலகி நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் கண்ணுக்கு அவ்வளவு இதம். மின்நூல் தயாரிக்கும் பதிப்பகங்களாவது இதைக் கவனிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அகராதி வசதியை நம்பி வாங்குவதும் தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லைத் தொட்டால் பொருள் வரும். ‘வந்திருந்தார்களாம்’ என்பதைத் தொட்டால், ‘வா’ என்ற வேர்ச்சொல் வரை பிரித்துக் கொண்டுபோகும் அறிவு மென்பொருளுக்கு இருந்தால்தான் பொருள் கிடைக்கும். புதிய கருவி செய்பவர்களிடம் தமிழ் வாசகர்கள் கேட்க வேண்டியவற்றில் இதை முதலில் வைப்பேன்.

சேமிப்பிடத்துக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். படங்கள் இல்லாத நாவல் சில மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. ஒலிநூல்களும் வருடிய நூல்களும் ஏராளமாக வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் குறைந்த அளவே போதும்.

மின்கலம் ‘12 வாரம்’ தாங்கும் என்ற விளம்பரத்தை, அடியில் உள்ள சிறிய எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்த நிலையில் என்று இருக்கும். கூட்டினால் 42 மணி நேரம். அது நல்ல அளவுதான். ஆனால் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு இரண்டு வாரம் என்பதே சரியான கணக்கு.

வண்ணத் திரை மீதும் இப்போது ஆசை பெருகியிருக்கிறது. கோபோ, கிண்டில் இரண்டிலுமே 2024-இல் வண்ணக் கருவிகள் வந்தன. அவற்றில் கருப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகள். வண்ணம் அதில் பாதி, 150. எழுத்துக்கு மேலே வண்ண வடிகட்டி ஒன்று படிந்திருப்பதால், வெள்ளைத் தாள்போல் இருக்க வேண்டிய பின்னணி சற்றுச் சாம்பல் பூத்துத் தெரியும். குழந்தைகளின் சித்திரக் கதைகளுக்கு வாங்கலாம். நாவல் மட்டுமே படிப்பவருக்குக் கருப்பு வெள்ளைத் திரையே தெளிவு.

கடையை மறந்துவிட்டுக் கருவியை மட்டும் தேர்ந்தெடுப்பதால் வரும் வருத்தம் தாமதமாகத்தான் தெரியும். விலைகொடுத்து வாங்கும் புதிய தமிழ் மின்நூல்களில் பெரும்பகுதி கிண்டிலில்தான் இருக்கிறது. வேறு கருவியில் திறக்காதபடி மென்பொருள் பூட்டு போட்ட அந்தக் கோப்புகளைக் கோபோவில் திறக்க முடியாது. ஆகவே வேறு கருவி வாங்குபவர் எதை இழக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். கிண்டில் வாங்குபவரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் அமேசான், உரிமை இல்லாத ஒருவர் விற்ற நாவல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்நூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, நூல்கள் போய்விட்டன. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2025 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. பூட்டு இல்லாமல் விற்கும் பதிப்பகம் இருந்தால் அங்கே வாங்கி, ஒரு பிரதியைக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது. காலிபர் என்ற இலவச மென்பொருள் அதை அழகாக அடுக்கித் தரும்.

கருவி வீட்டுக்கு வந்த அன்றே உங்களிடம் உள்ள மிக மோசமான வருடல் பிடிஎஃப், ஒரு தமிழ் இ-பப், மேலே சொன்ன நான்கு சொற்கள் கொண்ட கோப்பு ஆகிய மூன்றையும் ஏற்றுங்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் படியுங்கள். யாருக்காக வாங்கினீர்களோ அவரிடமும் கொடுத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இது நடந்துவிட வேண்டும்.