இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நாமே கணக்குப் போடலாம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். விமானப் பயணத்தில் அந்தக் கணக்கு பாதி தூரம்தான் கூட வரும். மீதியை லண்டன் - டோக்கியோ பயணத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு உண்டு. லண்டனுக்கு இன்னும் அதிகம். நாம் ஹீத்ரோ - ஹனேடா எடுத்துக்கொள்வோம்.

படி 2: தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை என்பதால் அந்த நேர்கோடு குறுக்குவழியே அல்ல. ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நார்வேயைத் தொட்டு, சைபீரியாவின் வடகோடி வரை ஏறி, அப்புறம் ஜப்பானுக்கு இறங்கும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் இதையே அளந்து சொல்லும்: சுமார் 9,600 கி.மீ. கடல் மைலில் விடை வந்தால் 1.852ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பறக்கும் நேரம். பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். 9,600ஐ 900ஆல் வகுத்தால் பத்தே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏறவும் இறங்கவும் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் ஒரு முக்கால் மணி நேரம் சேர்த்தால் பதினொன்றரை.

படி 4: உண்மையான பாதையைப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் ரஷ்ய வான்வெளி வழியாகப் போவதில்லை. தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ, வடக்கே அலாஸ்கா பக்கமாகவோ சுற்றிப் போகின்றன. அதனால் பயணம் 14 மணி நேரத்தை ஒட்டி வந்துவிடுகிறது. காற்றும் சேர்ந்துகொள்ளும்: மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று ஒரு திசையில் தள்ளிவிடும், மறு திசையில் இழுத்துப் பிடிக்கும். போக, வர நேரம் வேறுபடுவது இதனால்தான். ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டால் அண்மையில் பறந்த பாதையும் எடுத்த நேரமும் தெரியும்.

படி 5: கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னே. டோக்கியோவிலிருந்து காலை 10 மணிக்கு லண்டனுக்குக் கிளம்பி பதினான்கரை மணி நேரம் பறந்தால் டோக்கியோ கடிகாரத்தில் நள்ளிரவு 12.30. ஒன்பதைக் கழித்தால், லண்டனில் அதே நாள் பிற்பகல் 3.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அந்த மாதங்களில் ஒன்பதுக்குப் பதில் எட்டைக் கழியுங்கள்.