போனைத் திருப்பினால் இரண்டு டோஸ்ட்

கோட்லின் மொழியில் எழுதிய ஒரு ஆண்ட்ராய்டு செயலி. கோப்பு இறங்கி முடிந்ததும் திரைக்குச் சொல்ல, நானே ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி லிசனராக (ஒன்று நடந்ததும் கூப்பிடப்படும் ஆப்ஜெக்ட்) வைத்திருந்தேன். சிங்கிள்டனான, அதாவது செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்றான, டவுன்லோட் மேனேஜர் லிசனர்களை ஒரு லிஸ்ட்டில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் கூப்பிடும்.

போனைப் படுக்கவைத்துத் திருப்பியதும், லிசனர் காட்டும் டோஸ்ட் (திரையில் தோன்றி மறையும் சிறு செய்தி) இரண்டு முறை வந்தது. மறுபடி திருப்பினால் மூன்று! திருப்பும்போது ஆக்டிவிட்டி (செயலியின் ஒரு திரை) அழிந்து புதிதாகப் பிறக்கிறது; அது பிறக்கும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் நான் மறுபடி லிசனரைச் சேர்க்கிறேன். பழையதை யாரும் எடுக்கவில்லை. செத்துப்போன ஆக்டிவிட்டியையும் சிங்கிள்டன் பிடித்துக்கொண்டிருந்தது, அதாவது மெமரி லீக்: தேவையில்லாதது நினைவகத்தை விட்டுப் போகவில்லை.

சரி என்று, திரை தெரியவரும்போது ஓடும் ஆன்ஸ்டார்ட்டில் சேர்த்து, மறையும்போது ஓடும் ஆன்ஸ்டாப்பில் நீக்கினேன். அப்போதும் அதே கதை. அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், சேர்க்கும் இடத்தில் ஒரு லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்), நீக்கும் இடத்தில் அதையே திரும்ப எழுதிய இன்னொரு லாம்டா. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு ஆப்ஜெக்ட். எதை நீக்கும்? லிசனரை வகுப்பில் (கிளாஸில்) ஒரு val-ஆக, அதாவது ஒரு முறை வைத்தால் மாறாத மதிப்பாக வைத்து, இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தேன். தீர்ந்தது.

அப்புறம் ஒன்று: லிசனர் தன் வேலைக்கு நடுவிலேயே தன்னை நீக்கிக்கொண்டால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் (லிஸ்ட்டில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அது மாறினால் வரும் பிழை) வரலாம். அதற்காக லிஸ்ட்டை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பிரதி எடுக்கும் காப்பிஆன்ரைட்அரேலிஸ்ட்டாக (CopyOnWriteArrayList) மாற்றிவிட்டேன்.