அப்பா 'வாராக' என்றாலும் ஆங்கிலத்தில் 'கம்ஸ்' தான்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருவார்கள். போன வாரம் ஒருத்தியின் நோட்டில் "மை ஃபாதர் கம் ஹோம் அட் சிக்ஸ்" என்று இருந்தது. "கம்ஸ் வரணுமே?" என்றேன். "அப்பா வாராகன்னுதானே அக்கா சொல்லுவோம்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். பெரியவர் ஒரே ஆளாக இருந்தாலும் நெல்லைப் பக்கம் பன்மையில்தான் சொல்வோம். அதே பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. தமிழில் வினையின் கடைசியைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும்: வருகிறேன், வருகிறாய், வருகிறாள். ஆங்கில நிகழ்காலத்தில் அவ்வளவு வேலை இல்லை. ஐ, யூ, வி, தே எல்லாவற்றுக்கும் 'கம்'. ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும் 'கம்ஸ்'.

படி 1: செய்வது யார், அல்லது எது? அதன் கீழே பென்சிலால் கோடு போடுங்கள்.

படி 2: கோடு போட்டதை எடுத்துவிட்டு ஹி, ஷி, இட், தே இவற்றில் ஒன்றை வையுங்கள். 'மை ஃபாதர்' என்பது ஹி. ஆகவே கம்ஸ். தாத்தாவானாலும் கலெக்டரானாலும் ஆங்கில வினை மரியாதை பார்க்காது, ஒருவரா பலரா என்று மட்டும்தான் பார்க்கும். 'மை மதர் அண்ட் மை ஆன்ட்' இரண்டு பேர், அதனால் தே, வெறும் கம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "மாடுகள் மேயுது", "பஸ்ஸெல்லாம் நிக்குது" என்று பேசுகிறோம் இல்லையா? அஃறிணை என்றால் பலவற்றையும் ஒருமையில் முடிப்பது நம் பேச்சு வழக்கு. அப்படியே "த கௌஸ் இஸ் கிரேஸிங்" என்று எழுதிவிடுகிறார்கள். மாடு பல என்றால் தே, ஆகவே 'ஆர்'. 'எவ்ரிஒன்' வேறு மாதிரி: நமக்கு "எல்லாரும் வந்தாங்க", ஆங்கிலத்தில் அது ஒருமை, "எவ்ரிஒன் இஸ் ஹியர்".

ஒன்றை மனதில் பதியவையுங்கள்: பெயர்ச்சொல்லின் கடைசியில் எஸ் சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை, வினையின் கடைசியில் சேர்ந்தால் ஒருமை. "த பாய் ரன்ஸ்", "த பாய்ஸ் ரன்". பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

படி 3: இடையில் வரும் சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். "த ப்ரைஸ் ஆஃப் த மேட்ஸ்" என்று எழுதியதும் பக்கத்தில் இருக்கும் மேட்ஸைப் பார்த்து 'ஆர்' போடத் தோன்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "பத்தமடைப் பாய்களின் விலை கூடிவிட்டது." கூடியது விலை, பாய்கள் அல்ல. ஆகவே 'இஸ்'.

படி 4: கேள்வியிலும் மறுப்பிலும் எஸ் 'டஸ்' பக்கம் போய்விடும். "டஸ் ஷி கோ?", "ஷி டஸ் நாட் கோ". 'கோ' என்ற வினையில் மறுபடி எஸ் வேண்டாம். கேன், வில், மஸ்ட் வந்தாலும் அப்படித்தான்.

இறந்தகாலம் சுலபம். கேம், வென்ட் எல்லாருக்கும் ஒன்றே. 'வாஸ்', 'வேர்' மட்டும் மாறும்: ஐ, ஹி, ஷி, இட் நான்குக்கும் வாஸ், மற்றதற்கு வேர்.

சரி, இப்போது நோட்டை எடுங்கள். இன்று காலையில் உங்கள் வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்களோ, அதை அவர்கள் தினமும் செய்வதாக ஐந்து வரி எழுதுங்கள். அதில் ஒரு வரி ஆச்சியைப் பற்றி இருக்கட்டும்.