பைதனில் கோப்புப் பாதை பிழைக்கிறதா? முன்னால் ஒரு ‘ஆர்’ போடுங்கள்

துணுக்காய், நெடுங்கேணி, வவுனியா என்று ஊர்வாரியாக நெல் விளைச்சல் கோப்புறைகள் வைத்து, பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுகிறவர்கள் கவனியுங்கள். பைதன் நிரல்மொழியில் மேற்கோளுக்குள் எழுதும் சரத்தில் (string), பாதையின் பின்சாய்கோட்டை (\) அடுத்து துணுக்காயின் ‘ரீ’ (t) வந்தால் டேப் இடைவெளி, ‘என்’ (n) வந்தால் புதிய வரி, ‘வி’ (v) வந்தால் செங்குத்து டேப். மூன்று ஊரும் மாட்டும்! கிளிநொச்சியின் ‘கே’ (k) தப்பும்; ஆனாலும் பைதன் 3.12 பதிப்பிலிருந்து எச்சரிக்கை வரும்.

தொடக்க மேற்கோள் குறியோடு ஒட்டி, முன்னால் ‘ஆர்’ (r) போட்டால் பின்சாய்கோடு அப்படியே நிற்கும். பாதை ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடியவே கூடாது. முடிந்தால், மூடும் மேற்கோளும் சரத்துக்குள் போய்த் தொடரியல் பிழை வரும். அந்தக் கடைசிக் கோட்டை நீக்கிவிட்டு, கோப்புப் பெயரைப் பாத்லிப் (pathlib) என்ற பைதனின் பாதை நூலகம் வழியே சேருங்கள்.

ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியின் 15ஆம் பதிப்பில் வந்த மும்மேற்கோள் சரத்துக்கு, பின்சாய்கோட்டை அப்படியே வைக்கும் இந்தக் குணம் இல்லை. அங்கே பின்சாய்கோட்டை இரண்டாகத்தான் எழுத வேண்டும்.