காட்டை அளக்க ஒரு ஃபோம் விமானம்: செய்வதும் பறக்கவிடுவதும்

"எந்த ட்ரோன் வாங்கலாம்ணே?" என்பதுதான் என்னிடம் வருகிற முதல் கேள்வி. மலைக் கிராமங்களில் வேலை செய்கிற தம்பிகளும், வன உரிமை மனு எழுதிக்கொடுக்கிற தோழிகளும் இதையேதான் கேட்கிறார்கள். எனக்குக் கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஒட்டிப் பறக்கவிடுவது பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வாங்க வேண்டாம், செய்யலாம். ஆனால் விமானம் கடைசி வேலை.

இதை நான் சொல்லவில்லை. தென் அமெரிக்காவில் கயானா நாட்டின் தெற்குக் கோடியில், பிரேசில் எல்லையை ஒட்டி ரூபுனூனி என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள வாபிஷான் பழங்குடி மக்கள் தங்கள் பரம்பரை நிலம் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் என்கிறார்கள். வேட்டைப் பாதை, மீன்பிடிக்கும் இடம், பழைய ஊர் என்று ஒவ்வொன்றாக ஜிபிஎஸ் கருவியோடு நடந்து குறித்து, ஊர்க் கூட்டங்களில் பேசி வரைபடமாக்கினார்கள். அதை வைத்து 2012இல் நிலத்துக்கான திட்டத்தையும் வெளியிட்டார்கள். ட்ரோன் வந்தது 2014இல். டிஜிட்டல் டெமாக்ரசி என்ற அமைப்பு கூட இருந்து உதவ, யூடியூப் வீடியோக்களைப் பார்த்து, பாகங்களை இணைத்து ஆளில்லா இறக்கை விமானம் ஒன்றை அவர்களே செய்தார்கள். திருட்டுத்தனமாக மரம் வெட்டிய தடயங்கள் அதன் படங்களில் பதிவாயின. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஷுலினாப் ஊர்த் தலைவராக இருந்த நிக்கோலஸ் ஃபிரெடரிக்ஸ்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்குக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் தரை

ஊர்ப் பெரியவர்கள், காட்டுக்குள் அடிக்கடி போகிறவர்கள், தேனெடுக்கப் போகிறவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பெரிய தாளில் காட்டை வரையச் சொல்லுங்கள். ஓடை, பாறை, கோயில், கிழங்கு தோண்டும் இடம், சண்டை நடக்கிற எல்லை எல்லாம் அதில் வரட்டும். பெண்களைத் தனியாகவும் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். விறகும் தண்ணீரும் அவர்கள் வரைகிற தாளில்தான் ஒழுங்காக இருக்கும். அப்புறம் அந்த இடங்களுக்கு நடந்து போய் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். இதற்கு மாப்பியோ மாதிரியான செயலி வசதி. டிஜிட்டல் டெமாக்ரசி பழங்குடிச் சமூகங்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. இப்போது கோமாப்பியோ என்ற பெயரில் வருகிறது. நெட் இல்லாமலே வேலை செய்யும்.

கூடவே குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் உங்கள் பகுதியைப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் மரம் குறைந்த இடங்களை இலவசமாகவே காட்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். லாண்ட்சாட் செயற்கைக்கோளில் 30 மீட்டர். பத்து மரம் விழுந்தால் சந்தேகம் வரும், உறுதியாகத் தெரியாது. மேகம் மூடினால் அந்தச் சந்தேகமும் வராது. ஊர்த் தாளிலும் செயற்கைக்கோளிலும் சந்தேகம் சேர்ந்து விழுகிற இடங்களுக்குத்தான் விமானம்.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்: படம் யாரிடம் இருக்கும்? சாமி இடம், மருந்துச் செடி இருக்கும் இடம், வேட்டைத் தடம் எல்லாம் மேலிருந்து படத்தில் விழும். எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஊர் முடிவு செய்யட்டும். வெளியிலிருந்து வருகிற என்னைப் போன்ற ஆள் படத்தை லேப்டாப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போவது சரியில்லை.

விமானம்

2012இல் லியான் பின் கோ, செர்ஜ் விச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமத்ராவில் ஒரு ஃபோம் பொம்மை விமானத்தில், அதைத் தானே ஓட்டுகிற ஆட்டோபைலட்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். மொத்தச் செலவு 2,000 டாலருக்குள். நாம் செய்யப்போவது அந்த வம்சம்தான்.

உடல்: ஈபிஓ என்ற வகை ஃபோமில், இறக்கை 1.4 முதல் 1.9 மீட்டர் வரை, ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற மாதிரி அமைப்பு. பிக்ஸ்லர், ஸ்கைவாக்கர் மாதிரி உடல்கள். ப்ரொப்பெல்லர் பின்னால் இருந்தால் மூக்கில் இறங்கினாலும் மோட்டார் தப்பிக்கும், கேமராவுக்கும் முன்னால் இடம் கிடைக்கும். ஈபிஓ ஃபோமைச் சாதாரண சூப்பர் க்ளூ ஒட்டும். தெர்மாகோலை அதே க்ளூ கரைத்துவிடும். குழப்பிக்கொள்ளாதீர்கள். இறக்கை உடைந்தால் மூங்கில் குச்சி, க்ளூ, ஃபைபர் டேப் போதும். காட்டில் இதுதான் பெரிய லாபம். கம்பெனி ட்ரோன் உடைந்தால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மூளை: ஆட்டோபைலட்டாக பிக்ஸ்ஹாக் வகை போர்டு, அதில் ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருள். ஜிபிஎஸ்ஸை மோட்டார் வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் திசைகாட்டி உளறும். காற்று வேகம் அளக்கிற சென்சார் இருந்தால் எதிர்காற்றில் நிம்மதி.

பேட்டரி: 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 5,000 எம்ஏஹெச் அளவு. ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போகும் முன் இறக்கிவிடுங்கள்.

எடைச் சமநிலையில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். சரியான இடம் உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். மூக்கு லேசாகக் கனத்தால் பரவாயில்லை. வால் கனத்தால் கையை விட்ட நொடியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதைச் சரிசெய்யலாம். ஈயக் கட்டி ஒட்டுவது கடைசி வழி.

இறங்க இடம் உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். ரூபுனூனியில் பரந்த புல்வெளி, எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். நம்முடைய செங்குத்துச் சரிவுகளில் நூறு மீட்டர் திறந்த தரை கிடைப்பதே கஷ்டம். அது இல்லையென்றால் நாலு விசிறி ட்ரோனுக்கு மாறிவிடுங்கள். பறக்கும் நேரம் குறையும், வேறு வழியில்லை.

கேமராவும் கணக்கும்

கேனன் எஸ்100 மாதிரி பழைய பாக்கெட் கேமரா இந்த வேலைக்கு நல்லது. சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் போட்டால், இரண்டு நொடிக்கு ஒருமுறை தானே படம் எடுக்கச் சொல்லலாம். ஷட்டர் வேகம் 1/1000 வையுங்கள். விமானம் நொடிக்கு 13 மீட்டர் போகிறது. 1/250 என்றால் அந்த நேரத்தில் 5 செ.மீ.க்கு மேல் நகர்ந்து படம் இழுபடும்.

இந்தக் கேமராவை 120 மீட்டர் உயரத்தில் வைத்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 4 செ.மீ. ஒரு படம் 172 மீட்டர் அகலம், 129 மீட்டர் நீளம் பிடிக்கும். காட்டுக்கு அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். பக்கத்து வரிசையோடு 70 சதவீதம். அப்படியென்றால் 26 மீட்டருக்கு ஒரு படம், வரிசைகளுக்கு நடுவே 52 மீட்டர். அரை மணி நேரம் பறக்கிற விமானத்தில் படம் எடுக்கக் கிடைக்கிற தூரம் சுமார் 20 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 104 ஹெக்டேர். ஓரங்களைக் கழித்தால் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாபிஷான் நிலம் 28 லட்சம் ஹெக்டேர். 80ஆல் வகுத்தால் 35,000 முறை பறக்க வேண்டும். யாராலும் முடியாது, யாரும் செய்யவும் இல்லை. முழுக் காட்டையும் காலும் வாயும் வரைந்தன. விமானம் போனது, அவர்கள் சுட்டிக்காட்டிய இடங்களுக்கு. உங்கள் ஊருக்கும் இதே கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் ஃபோம் வெட்டுங்கள்.

பறக்கும் நாள்

மிஷன் பிளானர் என்ற மென்பொருளில் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, கேமராவைச் சொன்னால் வரிசைகளை அதுவே போட்டுத்தரும். மலைக்காட்டில் நீங்கள் கையால் சரிபார்க்க வேண்டியது உயரம். சாதாரணமாக விமானம் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கிடும். பள்ளத்தாக்கிலிருந்து 120 மீட்டர் என்று ஏவினால் எதிரிலுள்ள மலை 150 மீட்டர் நிற்கலாம். தரைக்கேற்ப ஏறியிறங்கும் வசதியை முடுக்கிவிடுங்கள். சிக்னல் அறுந்தால் வீடு திரும்பும் உயரத்தையும், வழியிலுள்ள மிக உயர்ந்த மேடு, அதன்மேல் நிற்கிற 40 மீட்டர் மரம், இரண்டுக்கும் மேலே வையுங்கள்.

பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள், காற்று குறைந்த நாளாகப் பாருங்கள். சாயங்கால நிழல் மரத்துக்கு மரம் ஓடி, படங்களை ஒட்ட விடாது. லேசான மேகமூட்டம் வெயிலைவிட நல்லது.

ஏவும் முன் எல்லா அசையும் பாகங்களையும் அசைத்துப் பாருங்கள். போனில் ஜிபிஎஸ் நேரத்தைத் திறந்து, அதை அதே கேமராவால் ஒரு படம் எடுங்கள். பிற்பாடு விமானத்தின் பதிவோடு சேர்த்து ஒவ்வொரு படத்துக்கும் இடம் குறிக்க அந்த ஒரு படம்தான் ஆதாரம். கையால் வீசும்போது பின்னால் ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது, விரலைக் கவனியுங்கள். வீசுபவர் ஒருவர், ரிமோட் பிடிப்பவர் வேறொருவர்.

தங்கம் தோண்டுகிறவர்களும் மரம் கடத்துகிறவர்களும் வெறுங்கையோடு இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அருகில் நின்று ஏவாதீர்கள். இறக்கை விமானத்துக்குத் தூரம் போகிற திறன் இருப்பதன் பயனே இதுதான்.

நம்மூரில் செய்வதென்றால்: ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வணிக நோக்கம் இல்லையென்றால் அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. எடையை அதற்குள் அடக்குங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலமா என்று பாருங்கள். அங்கே 400 அடிதான் எல்லை, அதாவது நம் 120 மீட்டர். பதிவு விதிகளையும் படித்துவிடுங்கள். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் பெட்டியையே திறக்காதீர்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு. ஆகவே அனுமதி கேட்கும் கடிதம் தனியாள் பெயரில் போகாமல் கிராம சபைத் தீர்மானத்தோடு போகட்டும்.

படங்களை ஒட்டுவது

ஒரு பறப்பில் 700 படத்துக்கு மேல் சேரும். வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒரே படமாக ஒட்டும். ஆனால் 16 ஜிபி ராம் இருந்தால் 250 படம்வரைதான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் நள்ளிரவில் நின்றுபோய் இருக்கும். பகுதி பகுதியாகக் கொடுங்கள், அல்லது ஃபாஸ்ட் ஆர்த்தோஃபோட்டோ என்ற தேர்வைப் போடுங்கள். காடு ஒட்டாமல் ஓட்டை ஓட்டையாக வந்தால் பெரும்பாலும் காரணம் காற்றில் ஆடிய இலைதான். 120 மீட்டருக்குக் கீழே பறந்திருந்தால் அந்த உயரம்வரை ஏறி, படங்களை இன்னும் நெருக்கமாக எடுக்கவைத்துத் திரும்பப் பறக்கவிடுங்கள்.

வெளிவந்த படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, நடந்து எடுத்த புள்ளிகளை மேலே போடுங்கள். சாதாரணக் கைக்கருவி ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிசகு இருக்கும். வெட்டிய மரத்தைக் காட்ட அது போதும். இரண்டு ஊர் எல்லைத் தகராறுக்குப் போதாது. அதற்கு சர்வேயர் வேண்டும்.

ஆதாரமாக

மேற்கு கலிமந்தானில் கபுவாஸ் ஆற்றோர தயாக் பழங்குடிக் கிராமங்களோடு சேர்ந்து இரேந்திரா ரஜவாலி என்ற புவியியலாளர் சொந்தமாக ட்ரோன் செய்து பாக்சைட் சுரங்கங்களைப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இந்தோனேசியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை ஆதாரமாகப் போயின. அப்படிப் போக வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே ஒழுங்கு வேண்டும். மெமரி கார்டிலுள்ள மூலப் படங்களைத் தொடாதீர்கள், வெளிச்சம்கூடக் கூட்டாதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை ஊரிலும் ஒன்றை வெளியூரிலும் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், ஏவிய இடம், யார் யார் இருந்தார்கள் என்று எழுதி, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். விமானத்தின் பதிவுக் கோப்பையும் படங்களோடேயே வையுங்கள்.

அப்புறம், படத்தில் மரமில்லாமல் பொட்டலாகத் தெரிகிற இடம் எல்லாமே வெட்டு இல்லை. பாறையாக இருக்கலாம், புயலில் விழுந்த மரமாக இருக்கலாம், ஊர்க்காரர் ஒருவருடைய பழைய கொத்துக்காடாகவும் (கொத்திப் பயிரிட்ட நிலம்) இருக்கலாம். எழுதிக் கொடுக்கும் முன் யாராவது நடந்து போய், வெட்டிய அடிமரத்தைப் போனில் படம் எடுத்து வர வேண்டும். மேலிருந்து ஒன்று, தரையிலிருந்து ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஏ3 தாளில் அச்சடித்து மனுவோடு இணையுங்கள். அதிகாரி மேசையில் கோப்பு திறக்கவில்லை, மென்பொருள் இல்லை என்கிற பேச்சுக்கு இடமே இருக்காது.

பறப்பு முடிந்ததும் பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் விட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத மண்சட்டியில் வையுங்கள். முழுக்கச் சார்ஜ் செய்து மாதக்கணக்கில் போட்டுவைத்தால் உப்பிவிடும், சமயத்தில் தீயும் பிடிக்கும். உப்பிய பேட்டரியைத் திரும்பவும் சார்ஜ் செய்ய வேண்டாம்.